ஆறாயிரத்து ஐந்நூறு

தொப்.

அவ்வளவுதான். ஈரப் புடவையைத் துவைகல்லில் ஒரே ஒரு தடவை அடித்தால் வருமே, அந்தச் சத்தம். இருபத்திரண்டு குழிகள், ஒவ்வொன்றும் ஒன்பது மீட்டர் ஆழம், ஒரு வேன் நிறைய வெடிமருந்து. அத்தனைக்கும் சேர்த்து ஒரு தொப். முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. இப்போது எனக்கு அழைப்பு மணி கேட்பதில்லை, குக்கர் விசில் கேட்பதில்லை, உள்ளேயிருந்து அந்தப் பெண் டோக்கன் நம்பரைக் கூப்பிடுவதும் கேட்பதில்லை. அந்தத் தொப் மட்டும் நன்றாகக் கேட்கிறது. அதனால் உங்களிடம் ஓர் உதவி. ஒன்பதைக் கூப்பிட்டால் என் தோளைத் தொடுங்கள். மரகதவல்லி என்று கூப்பிட்டாலும் நான்தான்.

உங்களுக்கு எந்தக் காது? இரண்டுமா. எனக்கும் இரண்டும்தான். வலது கொஞ்சம் மரியாதை தெரிந்தது, பாதி வார்த்தையாவது உள்ளே விடும். நல்லவேளை இந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள்.

போன வாரம் டாக்டர் கேட்டார், சத்தமான இடத்தில் வேலை பார்த்தீர்களா என்று. கொஞ்ச நாள் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில், என்றேன். சித்தாள் வேலையா என்று அவர் வாய் கேட்கவில்லை, முகம் கேட்டது. இல்லை டாக்டர், நான் பௌதிகம் எம்.எஸ்ஸி., பாறைக்குள் வெடிமருந்து என்ன வேகத்தில் வெடிக்கிறது என்று அளந்தவள், என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால், சரியாக அளந்தீர்களா என்று கேட்டுவிடுவாரோ என்று பயம்.

உங்களிடம் சொல்கிறேன். உங்கள் டோக்கன் பதினாலு. எங்கும் போக முடியாது உங்களால்.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. வெடிமருந்து தயாரிக்கிற ஒரு கம்பெனியில் வேலை. பெயர் வேண்டாம், இப்போது அந்தக் கம்பெனியே இல்லை. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையின் சுரங்கத்துக்கு எங்கள் மருந்துதான் போய்க்கொண்டிருந்தது. மருந்து என்றுதான் அங்கே எல்லாரும் சொல்வார்கள். சுரங்கம் என்றதும் பூமிக்கடியில் இருட்டு என்று நினைக்காதீர்கள். திறந்த வெளி. ஊர்க் குளத்தை நூறு மடங்கு பெரிதாக்கித் தண்ணீரை இறைத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. பாறையில் வரிசையாகக் குழி போடுவார்கள், குழியில் மருந்தை இறக்கி வெடிப்பார்கள், உடைந்த கல்லை அள்ளி கிரஷருக்குக் கொண்டுபோய்ப் பொடியாக்குவார்கள்.

இரண்டு மாதமாகக் கல் உடையவில்லை. அதாவது உடைந்தது, ஆனால் யானை யானையாக. அடிப்பாறை அசையாமல் அப்படியே நிற்கும். மேனேஜர் குலசேகரன், "பிளாஸ்டருக்குக் குழி நிரப்பத் தெரியல" என்றார். பிளாஸ்டர் என்றால் வெடி வைக்கிறவர், அதற்கென்று பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்கியவர். அவர் பெயர் சந்தியாகு. சந்தியாகு, "மருந்து செத்துப் போச்சு" என்றார். மருந்து நன்றாக இருந்தால் சந்தியாகுவின் சர்டிபிகேட் போகும். மருந்து கெட்டிருந்தால் எங்கள் கம்பெனியின் ஒப்பந்தம் போகும். இதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்லக் கம்பெனி ஒரு பெட்டியை வெளிநாட்டிலிருந்து வாங்கியிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக என்னை அனுப்பியது.

கம்பெனியின் மருந்துக்குக் கம்பெனியின் ஆளே தீர்ப்பா என்று நீங்கள் கேட்கலாம். அப்போது எனக்கு அது தோன்றவே இல்லை. எண்ணுக்குக் கட்சி கிடையாது என்று நம்பினேன். அப்படி ஒரு கவிதைகூட எழுதியிருந்தேன். நல்லவேளை, அச்சில் வரவில்லை.

பெட்டி ஒரு சூட்கேஸ் அளவு இருக்கும். பஸ்ஸில் அதற்கு ஜன்னலோர சீட்டைக் கொடுத்துவிட்டு நான் நடுவில் உட்கார்ந்து போனேன். அரியலூர் வரை அதன் மேல் கை வைத்தபடியே. பக்கத்திலிருந்த அம்மாள், "ஆர்மோனியமா?" என்று கேட்டாள்.

சுரங்கத்தில் இறங்கிய முதல் நாள், சந்தியாகு என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"டீச்சரம்மா வந்துட்டாங்க. எல்லாரும் சிலேட்ட எடுங்கப்பா."

"நான் டீச்சர் இல்லை. சயன்டிபிக் ஆபீசர்."

"அது வாயில நுழையாதும்மா. படிச்ச பொம்பளைன்னா டீச்சரு, இல்ல நர்சு. ஊசி கொண்டாந்திருக்கீங்களா?"

"இல்லை."

"அப்ப டீச்சர்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கு நினைத்தால் வருகிறது. நாற்பது வயது இருக்கும் அவருக்கு, மெலிந்த உடம்பு, சட்டைக்குள்ளே கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. நான் இரண்டு பட்டத்தோடு போயிருந்தேன். இரண்டும் அங்கே ஊசி இல்லாத காரணத்தால் தோற்றுப் போயின.

அவர் வெடியைப் பார்க்கமாட்டார். மற்றவர்கள் எல்லாம் மறைவிலிருந்து எட்டி எட்டிப் பார்ப்பார்கள். அவர் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி நிற்பார். ஏன் என்று கேட்டேன்.

"நல்ல மருந்துன்னா டங்குன்னு கால்ல ஏறும்மா. முட்டி வரைக்கும் வரும். இப்ப ரெண்டு மாசமா காதுல மட்டும் தொப்புன்னு வருது. காலுக்கு வரவே இல்ல. பொகையும் பாருங்க, ஆரஞ்சுக் கலர்ல போவுது. மருந்து பூரா எரியலைன்னா அப்பிடித்தான் போவும்."

"கால் ஒரு கருவி இல்லை, சந்தியாகு" என்றேன்.

இந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? விடுதிக்குப் போய் டைரியில் எழுதி வைத்தேன்.

அளக்கிற விதம் ரொம்பச் சுலபம், உங்களுக்கே புரியும். ஊதுவத்தி கொளுத்தினால் எரிய எரியக் குச்சி குறைகிறது இல்லையா? எவ்வளவு நேரத்தில் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் எரிகிற வேகம் தெரிந்துவிடும். அதேதான். குழிக்குள் மருந்தோடு ஒரு மெல்லிய கம்பியை இறக்கிவிட வேண்டும். மருந்து அடியிலிருந்து மேலே வெடித்துக்கொண்டு வரும்போது கம்பியைத் தின்றுகொண்டே வரும். கம்பி குறைவதைத் தூரத்தில் இருக்கிற பெட்டி கோடு போட்டுக் காட்டும். ஊதுவத்திக்கு முக்கால் மணி நேரம், இதற்கு ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ. அவ்வளவுதான் வித்தியாசம். கம்பி திரும்பி வராது. தன்னை அழித்துக்கொண்டுதான் அது உண்மையைச் சொல்லும். இதற்கும் ஒரு கவிதை எழுதினேன். எழுதாமல் இருந்திருந்தால் அந்த நேரத்தில் பெட்டியோடு வந்த வழிகாட்டிப் புத்தகத்தின் ஏழாவது குறிப்பைப் படித்திருப்பேன்.

ஏழாவது குறிப்பு என்ன தெரியுமா? அளக்கிற குழியில் வெடிக்கயிறு இருக்கக் கூடாது.

வெடிக்கயிறு என்றால், பார்ப்பதற்குத் துணி காயப் போடுகிற பிளாஸ்டிக் கொடி மாதிரி இருக்கும். உள்ளே வெள்ளைப் பொடி. அதுவும் வெடிக்கும். குழியின் அடி வரைக்கும் போய் மருந்தைக் கிளப்பிவிடுவது அதன் வேலை. அந்தச் சுரங்கத்தில் எல்லாக் குழியிலும் அதுதான். அளக்கிற குழியில் மட்டும் அதை எடுத்துவிட்டு, அடியில் மின்சாரத்தால் வெடிக்கிற சின்னக் கேப்பு ஒன்றை வைத்துக் கிளப்பியிருக்க வேண்டும். நான் என்ன நினைத்தேன்? எல்லாக் குழிக்கும் எப்படியோ அளக்கிற குழிக்கும் அப்படியே இருப்பதுதான் நியாயம் என்று நினைத்தேன். என் நியாயம் அப்படி.

சந்தியாகு குழி வாயில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையில் என் கம்பியை வைத்துக்கொண்டு கேட்டார்.

"டீச்சரம்மா, இதக் கயித்தோட சேத்துக் கட்டவா, தனியா விடவா?"

"சேர்த்துக் கட்டுங்கள். தொய்யக் கூடாது. மீட்டருக்கு ஒரு டேப்பு ஒட்டுங்கள்."

"கயிறும் வெடிக்குமேம்மா."

"தெரியும்."

தெரியும் என்றேன். பொய் இல்லை, தெரியும்தான். கயிறு மருந்தைவிட வேகமாக வெடிக்கும் என்பதும் தெரியும். பரீட்சையில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன். நான் சொன்னபடியே அவர் மீட்டருக்கு ஒரு டேப்பு ஒட்டினார். எவ்வளவு அழகாக ஒட்டினார் தெரியுமா, ஜடைக்கு ரிப்பன் கட்டுவது போல.

மத்தியானம் ஒரு மணி. சிவப்புக் கொடி, சைரன், எல்லாரும் முந்நூறு மீட்டர் தள்ளிப் போனோம். சந்தியாகு செருப்பைக் கழற்றினார். தொப். பாறை ஒரு தடவை தோளைக் குலுக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்தது. ஆரஞ்சு நிறத்தில் புகை எழுந்தது. எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று கேட்காதீர்கள். அன்று இரவு டைரியில், "பாறையின் பெருமூச்சு செவ்வந்தியாய்ப் பூத்தது" என்று எழுதினேன். அறிக்கையில் புகையைப் பற்றி ஒரு வரி இல்லை. சாட்சி கவிதைக்குள் போய்விட்டது.

ஆனால் பெட்டி! பெட்டியில் கோடு எவ்வளவு நேராக விழுந்திருந்தது என்கிறீர்கள்! ஒரு நடுக்கம் இல்லை. பயிற்சியில் நான் பார்த்த கோடுகள் எல்லாம் அங்கங்கே தடுமாறி, மேலும் கீழுமாக இருக்கும். இது அடிக்கோல் வைத்துப் போட்ட மாதிரி. அங்கேயே கிடந்த ஒரு காலி அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வினாடிக்கு ஆறாயிரத்து ஐந்நூறு மீட்டர்.

எங்கள் மருந்துக்குக் கம்பெனித் தாளில் போட்டிருந்தது நாலாயிரம்.

இந்த இடத்தில் புத்தி இருக்கிறவள் என்ன செய்வாள்? நிறுத்தி யோசிப்பாள். நான் பரவசப்பட்டேன். நாலாயிரம் என்பது திறந்தவெளியில் குழாயில் வைத்து அளந்தது, இங்கே பாறை நாலு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிறது, ஆகவே வேகம் கூடியிருக்கிறது என்று அந்த நிமிஷமே விளக்கம் கண்டுபிடித்துவிட்டேன். கொஞ்சம் கூடும், அது உண்மைதான். ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுமா என்று என்னை நானே கேட்கவில்லை. குலசேகரன் வந்து நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கை குலுக்கினார்.

"மேடம், மருந்து சிங்கம் மாதிரி இருக்கு. அப்ப கோளாறு யார்கிட்டன்னு தெரிஞ்சு போச்சு."

சந்தியாகு எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். நோட்டில் இருந்த எண்ணைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் முழங்காலுக்குக் கீழே பார்த்தார்.

"டீச்சரம்மா, கொஞ்சம் எந்திரிங்க."

"ஏன்?"

"நீங்க உக்காந்திருக்கிற பெட்டியிலயும் அதே நம்பருதான் போட்டிருக்கு."

ஆட்களுக்கு ஒரே சிரிப்பு. "டீச்சரம்மா பெட்டியப் பாத்துக் காப்பி அடிச்சுட்டாங்கடோய்" என்று எவனோ பின்னாலிருந்து கத்தினான். எனக்குக் காதெல்லாம் சுட்டது. இந்தக் காதுதான்.

"பெட்டியில் ஆயிரம் எண் இருக்கும்" என்றேன். "உங்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா?"

"தெரியாதும்மா. நம்பர் தெரியும்."

நான் எழுந்திருக்கவில்லை.

அது வெடிக்கயிறு வந்த பெட்டி. அதன் பக்கவாட்டில் கயிற்றின் வேகம் அச்சடித்திருந்தது. அதன் மேல் உட்கார்ந்துதான் நான் மருந்தின் வேகத்தை எழுதினேன். நான் அளந்தது கயிற்றை. கம்பியைக் கயிற்றோடு சேர்த்துக் கட்டினால் கயிறுதான் முதலில் ஓடிவந்து கம்பியைத் தின்னும். செத்த மருந்து பின்னால் மெதுவாக வந்துகொண்டிருக்கும், அதை யார் பார்த்தார்கள்? சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள், நானே எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். என் மாணவிகளுக்கு ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். பெட்டியில் உட்காருகிற இடம் வந்ததும் வகுப்பே உருண்டு புரளும்.

ஆமாம், மாணவிகள். அந்த வேலையை விட்டு அப்புறம் பெண்கள் பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன். இருபத்து மூன்று வருஷம் டீச்சர்.

அறிக்கை பதினோரு பக்கம். ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும், அதில் சந்தியாகு என்ற பெயரே கிடையாது. அவரை எடுத்துவிடுங்கள் என்று நான் எழுதவில்லை. மருந்து தரமாக உள்ளது, குழி நிரப்பும் முறையில் குறை இருக்கலாம், அவ்வளவுதான். இருக்கலாம் என்றுதான் போட்டேன். அந்த வாரமே அவருடைய சர்டிபிகேட்டை ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டு அவரைக் கிரஷருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் கிளம்புகிற அன்று கிரஷர் பக்கம் ஜீப் போயிற்று. வெள்ளைப் பொடிக்குள் நின்றுகொண்டு கையை ஆட்டினார். என்னவோ சொன்னார். அங்கே இரைச்சலில் எதுவும் கேட்காது. நானும் கையை ஆட்டினேன்.

புதுப் பிளாஸ்டர் வந்தார். கூடவே புது மருந்தும் வந்தது. எங்கள் கம்பெனி பழைய சரக்கைச் சத்தமில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டது, அது எனக்கு அப்போது தெரியாது. கல் பூப் பூவாக உடைந்தது. பார்த்தீர்களா, ஆளை மாற்றியதும் சரியாகிவிட்டது என்று குலசேகரன் எங்களுக்குக் கடிதம் எழுதினார்.

எட்டு மாதம் கழித்து, நம்பீசன் சார், என் மேலதிகாரி, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்தக் கோட்டைக் காட்டி விளக்கச் சொன்னார். நான் விளக்கினேன். கம்பி தொய்யாமல் இருக்க என்ன செய்தேன் என்பதையும் பெருமையாகச் சொன்னேன். சார் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார்.

"கயிறோட சேர்த்தா கட்டினே?"

"ஆமா சார். மீட்டருக்கு ஒரு டேப்பு."

பிள்ளைகளை டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். கதவு சாத்தியதும், "மரகதம், இத இனிமே யாருக்கும் சொல்லாதே" என்றார். அப்போதுதான் எனக்கு அந்த அட்டைப்பெட்டி ஞாபகம் வந்தது. நின்றுகொண்டுதான் இருந்தேன், இருந்தும் எழுந்திருக்க வேண்டும் போலிருந்தது.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். குலசேகரனுக்குக் கடிதம் எழுதினேன். மூன்று தடவை எழுதினேன். முதலில் "பிழை நேர்ந்துவிட்டது" என்று எழுதி, அது சப்பென்று இருக்கிறதே என்று அடித்தேன். இரண்டாவதில் உவமை ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. மூன்றாவது நன்றாக அமைந்தது, வாசித்தால் கண்ணில் தண்ணீர் வரும். அதை நம்பீசன் சார் வழியாக அனுப்பக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, நல்லா எழுதியிருக்கே என்று மேஜை இழுப்பறையில் வைத்தார். வைத்தவர் வைத்ததுதான். எனக்கு இன்று வரைக்கும் அந்த மனிதர் மேல்தான் கோபம்.

என்ன? நீங்கள் வாயசைத்ததைப் பார்த்தேன். நானே ஒரு தபால் போட்டிருக்கலாமே என்கிறீர்கள். ஆபீஸ் என்றால் ஒரு முறை இருக்கிறது. மேலதிகாரி வழியாகத்தான் போக வேண்டும். அந்த வருஷக் கடைசியில் எனக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். அதுவும் மேலதிகாரி வழியாகத்தான் வந்தது.

சந்தியாகுவை மறுபடி ஒரு தடவை பார்த்தேன். இரண்டாயிரத்து மூன்றில். செய்முறைப் பரீட்சை நடத்த அரியலூர் போய்விட்டுத் திரும்பும்போது, பஸ் ஸ்டாண்டில். தூணோரமாக ஒரு மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வெள்ளை. பொடி படிந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்கு முன்னால் அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"டீச்சரம்மா!"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. அவ்வளவு பெரிய குரல்.

பதினாறு வருஷமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் என்னிடம் இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். கம்பி, கயிறு, அட்டைப்பெட்டி, இழுப்பறைக்குள் போன கடிதம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, சிரித்த முகமாகத் தலையாட்டினார். நான் முடித்ததும், "சாப்டீங்களா?" என்றார்.

டீ வாங்கப் போயிருந்த அவர் மகள் இரண்டு கிளாஸோடு வந்தாள்.

"அவருக்குக் கேக்காதுங்க. கிரஷர்ல இருக்கும்போதே ரெண்டு காதும் போயிருச்சு. நீங்க என்ன சொன்னாலும் தலையாட்டுவாரு."

பாருங்கள் என் அதிர்ஷ்டத்தை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை திக்காமல் பேசினேன், அது யாருக்கும் கேட்கவில்லை.

எனக்கு மனசு ஆறவில்லை. அவருக்கு நம்பர் தெரியுமே. பரீட்சைத்தாள் வந்த உறையின் பின்பக்கம் 6500 என்று பெரிதாக எழுதி அவர் கையில் கொடுத்தேன். தூரமாகப் பிடித்துப் பார்த்தார். கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். அப்புறம் எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பவர் போலச் சொன்னார்.

"இது கயித்து நம்பராச்சேம்மா. பெட்டியில போட்டிருக்கும்."

நான் தலையாட்டினேன். திருச்சி பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.

என்ன, தோளைத் தொடுகிறீர்கள்? ஒன்பதா? கூப்பிட்டுவிட்டார்களா? எத்தனை தடவை? அடடா, நீங்கள் கதையில் இருந்துவிட்டீர்கள். இதோ, எழுந்துவிட்டேன். இந்தப் பையை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

யார், சந்தியாகுவா? அவர் ஊரிலிருந்து படிக்க வந்த பெண் ஒருத்தி சொன்னாள். கிரஷரில் பதினோரு வருஷம் இருந்தார், காது போனதும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இறந்து பதினாலு வருஷம் ஆகிறது. சர்டிபிகேட்டைக் கடைசி வரைக்கும் திருப்பித் தரவில்லை.